அப்பப்பாவின் பதக்கங்கள்: நினைவு மலரில் கிளாக் என்று போடுவதா, கோக்கி என்று போடுவதா?

நல்லூர்ப் பேரன்:

எல்லோருக்கும் வணக்கம். பழைய பதக்கங்கள் பற்றி விபரம் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டு எழுதுகிறேன்.

எங்கள் அப்பாச்சி சென்ற மாதம் மோசம்போய்விட்டார். 31ஆம் நாளுக்கு நினைவு மலர் அடிக்க வேண்டும், அதில் அப்பப்பாவைப் பற்றியும் எழுத வேண்டும். படம் தேடி அவருடைய றங்குப்பெட்டியைக் கிளறியபோது கூறைச்சேலைக்கு அடியில் ஒரு சின்னக் கடதாசிப் பெட்டி இருந்தது. உள்ளே மூன்று பதக்கங்கள். இரண்டு, ஆறு முனை உள்ள மஞ்சள் நிற நட்சத்திரங்கள். ஒன்றின் வளையத்தில் 1939-1945 ஸ்டார் என்றும், மற்றதில் பர்மா ஸ்டார் என்றும் ஆங்கிலத்தில் இருக்கிறது. மூன்றாவது வட்டம், வெள்ளி நிறம். ஒரு பக்கம் அரசர் தலை, மறுபக்கம் சிங்கம் ஏதோ ஒரு பிராணியை மிதித்துக்கொண்டு நிற்கிறது. எதிலும் பெயர் இல்லை.

கூடவே நாலாக மடித்த தடித்த சான்றிதழ் ஒன்றும் இருந்தது. சிக்கல் அங்கேதான் தொடங்கியது. எங்கள் வீட்டுக் கதைப்படி அப்பப்பா உலக யுத்தத்தில் "நேவியில் கிளாக்", அதாவது கந்தோரில் எழுதுவினைஞர். திருமலையில் (திருகோணமலையில்) ஜப்பான்காரன் குண்டு போட்ட அன்று பிளேன் ஒன்றைச் சுட்டு விழுத்தினார், அதற்கு ராணி மெடல் குத்தினார் என்று சித்தப்பா எங்களுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தார். சான்றிதழில் பதவி என்ற இடத்தில் குக் என்று இருக்கிறது, அதாவது கோக்கி, சமையற்காரர். சேர்ந்தது 1942 ஆகஸ்ட், விலகியது 1946.

சித்தப்பாவிடம் காட்டினேன். "அதை மடிச்சு வை. மலரில கிளாக் எண்டே போடு. குசினி வேலை எண்டு ஊருக்கு அச்சடிச்சுக் குடுக்கிறதோ?" என்றார். அச்சகத்துக்கு வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும்.

எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். இவை என்ன பதக்கங்கள்? பர்மாவுக்கு அவர் போனதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை, பிறகு எப்படி பர்மா ஸ்டார்?

மானிப்பாய் மருமகள்:

ஆழ்ந்த அனுதாபங்கள் தம்பி. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மினுங்க வேண்டும் என்று பழப்புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் குத்துவிளக்கு மினுக்கிய கையோடு மாமி மாமாவின் பதக்கத்தையும் மினுக்கிவிட்டா. எழுத்தெல்லாம் மழுங்கிப் போயிற்று. மெல்லிய துணியால் தூசு தட்டினால் போதும். றிபனைத் தண்ணீரில் போடவே வேண்டாம்.

பழசுபெட்டி:

நல்லூர்ப் பேரன், மூன்றும் உண்மையான போர்ச் சேவைப் பதக்கங்கள் என்றே உங்கள் விபரிப்பை வைத்துத் தெரிகிறது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

வட்டமானது வார் மெடல் 1939-45. முழுநேரச் சேவையில் 28 நாள் இருந்த எல்லாருக்கும் உரியது. சிங்கம் மிதிப்பது இரண்டு தலை உள்ள ட்ராகன். அரசர் ஆறாம் ஜோர்ஜ். ராணி எலிசபெத் அரியணை ஏறியது 1952ல், ஆகவே ராணி குத்தினார் என்பதை விட்டுவிடுங்கள். இந்தப் பதக்கங்களை யாரும் நெஞ்சில் குத்தவில்லை, சின்னக் கடதாசிப் பெட்டியில் தபாலில் வந்தவை. நீங்கள் கண்டெடுத்தது அந்தப் பெட்டியாகவே இருக்கலாம். பிரிட்டன் தன் ஆட்களுக்கும் இலங்கை போன்ற குடியேற்ற நாட்டு ஆட்களுக்கும் பெயர் பொறிக்காமலே கொடுத்தது. இந்தியா, அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா தங்கள் படைகளுக்குப் பெயர் பொறித்துக் கொடுத்தன. பெயர் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

1939-45 ஸ்டார் அப்படிச் சும்மா வராது. கடற்படைக்காரர் என்றால் போர் நடக்கும் கடற்பரப்பில், கப்பலில், ஆறு மாதம் இருந்திருக்க வேண்டும். கரை முகாமில் எத்தனை வருடம் இருந்தாலும் பொதுவாகக் கணக்கில் வராது. அதன் றிபன் கடுநீலம், சிவப்பு, வெளிர்நீலம் என்று மூன்று சம பட்டி. கடல், தரை, ஆகாயம் மூன்று படையையும் குறிக்கும்.

இனி பர்மா ஸ்டார். இது பர்மாவில் கால் வைத்தவர்களுக்கு மட்டும் உரியது அல்ல. கடற்படைக்கு வங்காள விரிகுடா முழுவதும் கணக்கு. இலங்கையின் தென்முனையில் இருந்து தெற்கே 300 மைல் ஒரு கோடு, அங்கிருந்து சுமாத்திராப் பக்கம் இன்னொரு கோடு. அதற்குள் 1941 டிசம்பர் 11க்கும் 1945 செப்டெம்பர் 2க்கும் இடையில் கடலில் இருந்திருக்க வேண்டும். திருகோணமலை அந்த எல்லைக்குள். கொழும்புக்கு மேற்கே மட்டும் ஓடியிருந்தால் இந்த நட்சத்திரம் வந்திருக்காது. ஆகவே உங்கள் அப்பப்பா கிழக்குக் கரையில் இருந்து ஓடியவர்.

இன்னுமொன்று. கடற்படைக்காரருக்கு முதல் நட்சத்திரத்துக்கான ஆறு மாதம் முடிந்த பிறகுதான் பர்மா ஸ்டாருக்கான கணக்கே தொடங்கும். இரண்டும் அவரிடம் இருப்பதால், ஆறு மாதம் கடலில் முடித்த பிறகும் திரும்பவும் கடலுக்குப் போயிருக்கிறார். கந்தோர் மேசையில் இருந்தவருக்கு இது கிடைக்காது.

பிளேன் கதைக்கு வருகிறேன். கொழும்பில் குண்டு விழுந்தது 1942 ஏப்ரல் 5, திருமலையில் ஏப்ரல் 9. அவர் சேர்ந்தது ஆகஸ்ட். சித்தப்பாவிடம் இதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், என்னால் முடியாது.

ஊரான்:

நான் கொஞ்சம் எதிராகச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். நீங்கள் சொல்லும் மூன்றும் ஆஜர்ப் பதக்கங்கள். நின்ற நாளை எண்ணிக் கொடுத்தவை. வீரத்துக்கு என்று வேறு பதக்கம் இருந்ததுதானே? பிறகு எதற்கு இவ்வளவு ஆரவாரம். வெள்ளைக்காரனுடைய யுத்தத்தில் சம்பளத்துக்குப் போனார், வந்தார். அவ்வளவுதான்.

பழசுபெட்டி:

ஊரான், பாதி சரி. கடற்படையில் அதிகாரி அல்லாதவர்களுக்கு வீரச்செயலுக்கு டிஸ்ரிங்விஷ்ட் சேர்விஸ் மெடல் என்று ஒன்று இருந்தது. வெள்ளியில், விளிம்பில் பெயரோடு. அதற்குக் கீழே, அறிக்கையில் பெயர் குறிப்பிடப்பட்டால் வார் மெடல் றிபனில் ஒரு வெண்கல ஓக் இலை இருக்கும். இவரிடம் இரண்டும் இல்லை. ஆனால் ஆஜர் என்பதைச் சின்ன விஷயமாக எடுக்க வேண்டாம். எங்கே ஆஜர் என்பதுதான் கேள்வி. ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு நேரே கடலில் ஹேர்மிஸ் என்ற விமானம்தாங்கிக் கப்பல் தாண்டது, 307 பேர் போனார்கள். அதே கடலில்தான் சில மாதம் கழித்து இவர் சோறு சமைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார்.

சம்பளத்துக்குப் போனார் என்பது உண்மையாக இருக்கலாம். 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. இலங்கைக்கு அரிசி வந்ததே பெரும்பாலும் பர்மாவில் இருந்து. அரிசி பங்கீட்டுக்கு வந்து, யாழ்ப்பாணத்தில் குரக்கனும் மரவள்ளியும் ஒடியலும் தான் என்று சனம் இருந்த வருடம் அது. ஆகஸ்டில் ஒரு இளந்தாரி மூன்று வேளைச் சாப்பாடும் சம்பளமும் தரும் இடத்தைத் தேடிப் போனதில் என்ன குற்றம்?

கரையூர்க் கோக்கி:

இந்த இழையை மகள் வாசித்துக் காட்டினாள். நான் சரக்குக் கப்பல்களில் கோக்கியாக ஓடி ஓய்ந்தவன். இதற்கு நான் எழுதாமல் யார் எழுதுவது.

அந்தக் காலத்து இலங்கைக் கடற்படை என்றால் பெரிய போர்க்கப்பல் அல்ல. தொண்டர் படையாக 1937ம் ஆண்டுச் சட்டத்தில் அமைத்து, 1943ல் பிரிட்டிஷ் கடற்படையின் கீழ் இலங்கை ரோயல் கடற்படைத் தொண்டர் சேமப்படை என்று மாற்றியது. ஓவர்டேல் வைக், ஒகாபி, செம்லா, ஹொக்சா, பால்டா என்று சிறு கப்பல்கள், சாம்சன், கோலியாத் என்று இழுவைக் கப்பல்கள். முழுக்க இந்தப் படை ஆட்களே ஓட்டியவை. துறைமுக வாயிலில் கண்ணிவெடி வாருவது, ரோந்து போவது, வருகிற கப்பலை மறித்துப் பார்ப்பது. 1943ல் எரித்ரியா என்ற இத்தாலியப் போர்க்கப்பல் சரணடைந்தபோது பொறுப்பெடுக்கப் போனதும் இவர்கள்தான்.

பெரிய கப்பல் அசைவது வேறு, மீன்பிடிக் கப்பல் மாதிரியான சின்ன ட்ரோலர் அசைவது வேறு. வாடைக்காற்றில் திருமலைக்கு வெளியே போய்ப் பாருங்கள். பானையைப் பாதிக்கு மேல் நிரப்ப முடியாது. அடுப்பைச் சுற்றிக் கம்பித் தடுப்பு இருக்கும், அதற்குள்ளே பானையைக் கட்டி வைத்துத்தான் சோறு வடிக்க வேண்டும். கஞ்சி ஒரு முறை காலில் ஊற்றினால் அந்த ஓட்டம் முழுக்க நொண்டிக்கொண்டுதான் சமையல். அந்தச் சின்னக் கப்பல்கள் நிலக்கரியில் ஓடியவை. குசினி அடுப்பும் கரிதான். கதவைத் திறந்தால் தண்ணீர் அடிக்கும், மூடினால் புகை. ஐஸ் அறை என்று பேச்சே இல்லை. கரையில் ஏற்றின மீனும் மரக்கறியும் இரண்டு மூன்று நாள், பிறகு ரின் மாட்டிறைச்சி, பிஸ்கற், பருப்பு, வெங்காயம். இதை வைத்து ஒரே ஆட்கள் முகம் சுளிக்காமல் சாப்பிட மாதக் கணக்காகச் சமைப்பதற்குக் கைப்பக்குவம் மட்டும் போதாது.

இரவுக் காவலில் நிற்பவனுக்குச் சூடாகக் கொக்கோ கொடுக்க வேண்டும். விடியப் பாண் சுட வேண்டும். மற்றவர்களுக்கு முறை வைத்து ஓய்வு. கோக்கிக்கு முறை கிடையாது, எல்லாரும் எழும்ப முதல் எழும்பி எல்லாரும் சாப்பிட்ட பிறகு கழுவ வேண்டும்.

இன்னொன்று சனத்துக்குத் தெரியாது. எதிரி வருகிறான் என்று மணி அடித்தால் முதல் வேலை குசினி நெருப்பை அணைப்பது. அணைத்துவிட்டு கோக்கி சும்மா இருப்பதில்லை. வெடிமருந்து அறையில் இருந்து குண்டு தூக்கிப் பீரங்கிக்குக் கொடுக்கும் வரிசையில் நிற்பான், அல்லது காயக்காரரைத் தூக்குவான். போர்க்கப்பலில் சமைக்க மட்டும் என்று ஒரு ஆளும் இல்லை.

கப்பலில் சாப்பாடு கெட்டால் என்ன நடக்கும் என்று கேட்டால் 1946 பெப்ரவரியில் பம்பாயைப் பாருங்கள். தல்வார் என்ற கடற்படை முகாமில் உண்ண முடியாத சாப்பாட்டை மறுத்துத் தொடங்கின வேலைநிறுத்தம் இந்தியக் கடற்படை முழுக்கப் பரவியது. வேறு காரணமும் இருந்தது, ஆனால் பற்றிக்கொண்டது சாப்பாட்டுத் தட்டில். இதற்குப் பிறகும் உங்கள் சித்தப்பா குசினி வேலை என்று முகம் சுளித்தால் என்னிடம் அனுப்புங்கோ.

ரொறன்ரோ ரதி:

கரையூர் அண்ணை, அருமை. ஊரான் வீரம் என்று கேட்டதால் இரண்டு பேரைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் டோரிஸ் மில்லர். கறுப்பினத்தவர் என்பதால் கடற்படையில் அவருக்குச் சாப்பாட்டு மேசை வேலை தவிர வேறு ஒன்றும் கொடுக்கவில்லை. பேர்ள் ஹார்பரில் வெஸ்ட் வேர்ஜினியா என்ற கப்பலில் குண்டு விழுந்தபோது காயப்பட்டவர்களைத் தூக்கி, பயிற்சியே இல்லாத இயந்திரத் துப்பாக்கியில் நின்று சுட்டார். 1942 மே மாதம் அட்மிரல் நிமிட்ஸ் தன் கையால் நேவி குறொஸ் என்ற வீரப் பதக்கத்தைக் குத்தினார். பிறகு குக் ஆகப் பதவி உயர்ந்து, 1943 நவம்பரில் லிஸ்கம் பே கப்பலோடு போய்விட்டார். இப்போது அவர் பெயரில் ஒரு விமானம்தாங்கிக் கப்பலே கட்டப்படுகிறது.

மற்றவர் டொமி பிரவுன், பெற்றார்ட் என்ற பிரிட்டிஷ் கப்பலின் கன்ரீன் பெடியன். வயது 16, கூட்டிச் சொல்லிச் சேர்ந்தவர். 1942 ஒக்டோபரில் மத்தியதரைக் கடலில் தாண்டுகொண்டிருந்த ஜேர்மன் நீர்மூழ்கியில் இருந்து இரகசியக் குறியீட்டுப் புத்தகங்களை மேலே வாங்கிக் கொடுத்தார். உள்ளே இறங்கி அவற்றை எடுத்துக் கொடுத்த இரண்டு கடற்படையினரும் நீர்மூழ்கியோடு போனார்கள், இவர் தப்பினார். ஜோர்ஜ் மெடல் என்ற வீரப் பதக்கம் கிடைத்தது. ஜேர்மன்காரரின் எனிக்மா என்ற இரகசியக் குறியீட்டை உடைக்க அந்தப் புத்தகங்கள் பெரிய உதவி.

ஊரான்:

ரதி அக்கா, அமெரிக்கன் கதை நல்லது. அதை இந்த அப்பப்பாவின் தோளில் ஏற்ற வேண்டாம் என்பதுதான் என் கருத்து. அவர் செய்தது தெரியும் அளவுக்கு எழுதுங்கள், கூட்ட வேண்டாம். கிளாக் என்று கூட்டுவதும் பிளேன் என்று கூட்டுவதும் ஒரே வேலைதான்.

மானிப்பாய் மருமகள்:

இதை ஒத்துக்கொள்கிறேன்.

வலிவடக்கு வாசி:

நான் இதை எழுதலாமா என்று யோசித்தேன். எங்கள் தலைமுறைக்கு நேவி என்ற சொல்லே வேறு ஞாபகத்தைத் தருவது. 1990ல் உள்நாட்டு யுத்தத்தில் வீட்டை விட்டு ஓடியபோது என் அம்மா, பேரனாருடைய பட்டாளத்துப் படத்தையும் பதக்கத்தையும் கிணற்றடியில் தாட்டுவிட்டு வந்தா. எந்தப் பக்கம் சோதனை போட்டாலும் விளக்கம் சொல்ல ஏலாது என்ற பயம். அந்தக் காணிக்குள் திரும்பப் போகக் கிடைத்தபோது கிணறும் இல்லை, வேலியும் இல்லை. உங்கள் அப்பாச்சி அதைக் கூறைச்சேலைக்கு அடியில் இத்தனை இடப்பெயர்வுக்குள்ளும் கொண்டு திரிந்திருக்கிறா. 95 ஒக்டோபரில் யாழ்ப்பாணமே நடந்துபோன இரவில் சனம் எதை எடுத்தது, எதை விட்டது என்று உங்களுக்குத் தெரியும்.

பழைய கடற்படை வேறு, பிறகு வந்தது வேறு என்று ஒரு வரி மலரில் போட்டால் நல்லது. 1950 டிசம்பர் 9ல்தான் ரோயல் சிலோன் நேவி வந்தது. உங்கள் அப்பப்பா அதற்கு முதலே விலகிவிட்டார். பிறகு 60இல் இருந்து 70 வரை அந்த நேவிக்கே தலைமை தாங்கியது ராஜன் கதிர்காமர் என்ற தமிழர் என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

நல்லூர்ப் பேரன்:

எல்லோருக்கும் நன்றி. வலிவடக்கு அண்ணை, 95ல் அந்தப் பெட்டி சாவகச்சேரிக்கும் போய் வந்திருக்கிறது. உள்ளே தாலிக்கொடியும் காணி உறுதியும் மட்டும்தான் என்று நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம்.

பழசுபெட்டி அண்ணை கேட்கும் முன் சான்றிதழில் உள்ளதையும் எழுதிவிடுகிறேன். உயரம், நெஞ்சளவு, கண் நிறம், இடது முழங்கையில் தழும்பு எல்லாம் இருக்கிறது. குக் என்பதற்குப் பக்கத்தில் எஸ் என்று ஓர் எழுத்து. கப்பல் பட்டியலில் ஹைஃபிளையர், பிறகு லங்கா, பிறகு திரும்ப ஹைஃபிளையர். இரண்டாவது ஹைஃபிளையருக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் இன்னொரு பெயர், ஆனால் மடிப்பில் மை போய்விட்டது. நடத்தை என்ற நிரலில் வருடாவருடம் வி.ஜி. என்று இருக்கிறது.

பழசுபெட்டி:

அருமையான தாள். ஹைஃபிளையரும் லங்காவும் மிதக்கும் கப்பல்கள் அல்ல, கரை முகாம்கள். ஒன்று திருமலை, மற்றது கொழும்பு. சின்னக் கப்பல் ஆட்களை முகாமின் பதிவில் வைத்து, உண்மையில் எந்தக் கப்பல் என்பதை அடைப்புக்குள் எழுதுவது கடற்படை வழக்கம். மை போன அந்தப் பெயர்தான் உங்கள் அப்பப்பாவின் கப்பல். தாளை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்துப் படம் எடுத்துப் பாருங்கள், பேனா அழுத்திய தடம் சில வேளை தெரியும்.

எஸ் என்றால் கப்பல் ஆட்களுக்குச் சமைத்தவர். அதிகாரிகளுக்குச் சமைத்தவருக்கு ஓ என்று வரும். வி.ஜி. என்பது நடத்தைக்கு உள்ள ஆகக் கூடிய தரம். தாளின் மூலைகளையும் பாருங்கள். கெட்ட பெயரோடு விலக்கப்பட்டவனுடைய சான்றிதழில் ஒரு மூலையை வெட்டிவிட்டுத்தான் கையில் கொடுப்பார்கள்.

கடைசியாக ஒன்று, சித்தப்பாவுக்கு. போர் முடிந்து விலகியவர்களுக்கு இந்தப் பதக்கங்கள் தானாக வந்து சேரவில்லை. விண்ணப்பம் எழுதிக் கேட்டவர்களுக்குத்தான் அனுப்பினார்கள். கேட்காமலே விட்டவர்கள் ஏராளம். உங்கள் அப்பப்பா பேனா எடுத்து, தன் பதவியையும் இலக்கத்தையும் எழுதி, எனக்கு உரியதைத் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார். குக் என்பதை அவர் மறைக்கவில்லை. மறைத்தது பிறகு வந்தவர்கள்.

கரையூர்க் கோக்கி:

மூலை வெட்டு விஷயம் எனக்கும் புதிது. மூலை இருக்குதோ தம்பி?

நல்லூர்ப் பேரன்:

நாலு மூலையும் இருக்கு அண்ணை. ஒன்றைக் கறையான் கொஞ்சம் தின்றிருக்கிறது, வெட்டு இல்லை.

நேற்றுச் சித்தப்பா வீட்டில் இருந்து இந்த இழை முழுவதையும் வாசித்துக் காட்டினேன். கரையூர் அண்ணை எழுதிய இடத்தில் "உவர் ஆர், எந்த ஊர்" என்று இரண்டு தரம் கேட்டார். விண்ணப்பம் எழுதிக் கேட்டார் என்ற இடம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தான் சின்னப் பெடியனாக இருந்தபோது கலியாண வீடுகளுக்கு அப்பப்பாவைத்தான் சமையல் மேற்பார்வைக்குக் கூப்பிடுவார்கள் என்றும், அது தனக்கு அப்போது வெட்கமாக இருந்தது என்றும் சொன்னார். கப்பலில் இருந்து வந்தவர் என்று ஊரில் மரியாதையாம், வீட்டில்தான் கிளாக் ஆக்கினார்களாம். தங்கச்சிமாருக்குச் சம்பந்தம் பேசும் காலத்தில் தொடங்கிய கதை என்றார். மேலே நான் கேட்கவில்லை.

மலருக்கு இப்படி எழுதிக் கொடுத்துவிட்டோம்: "இரண்டாம் உலகப் போரில் 1942 முதல் 1946 வரை இலங்கைக் கடற்படைத் தொண்டர் சேமப்படையில் சமையலாளராகச் சேவையாற்றி, திருகோணமலையைத் தளமாகக் கொண்டு வங்காள விரிகுடாவில் கடமை புரிந்து, 1939-45 ஸ்டார், பர்மா ஸ்டார், வார் மெடல் ஆகிய பதக்கங்களைப் பெற்றவர்." கோக்கி என்று போட நான் விரும்பினேன், அதற்குச் சித்தப்பா மடங்கவில்லை.

பிளேனையும் அவர் விடுவதாக இல்லை. பேரப்பிள்ளைகள் எழுதும் பக்கத்தில் "என்று சித்தப்பா சொல்லுவார்" என்று சேர்த்துப் போட்டிருக்கிறோம்.

ஊரான்:

அது சரி. சித்தப்பாவுக்கும் ஒரு பதக்கம் குடுக்கலாம்.

பழசுபெட்டி:

படம் எடுக்கும்போது வரிசை மாறாமல் பாருங்கள். பார்ப்பவரின் இடப்பக்கத்தில் இருந்து 1939-45 ஸ்டார், பர்மா ஸ்டார், வார் மெடல். 31ஆம் நாள் அன்று யாராவது அணிந்து நிற்பதாக இருந்தால் வலது நெஞ்சில்தான் குத்த வேண்டும். இடது பக்கம் வாங்கியவருக்கு மட்டும்.

சங்கானைச் சின்னவன்:

நல்ல இழை. என்னிடமும் ஒரு வட்டப் பதக்கம் இருக்கிறது, அம்மப்பாவுடையது. விளிம்பில் இலக்கமும் பெயரும் பொறித்திருக்கு, ஆனால் அது எங்கள் அம்மப்பாவின் பெயர் இல்லை. இங்கே கேட்கலாமா?

பழசுபெட்டி:

புது இழை திறவுங்கள் தம்பி. விளிம்பை நல்ல வெளிச்சத்தில் நாலு பக்கமும் படம் எடுத்துப் போடுங்கள். பெயர் பொறித்த பதக்கம் என்றால் அந்தப் பெயருக்கு உரிய ஆளைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது.